கதவில் மாட்டிய இலை

1

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை என் மூளையில் உதித்தது அல்ல. ஒரு விடுதி அறையில், கட்டில் விரிப்பின் இரண்டு முனைகளைப் பிடித்துக்கொண்டு நான் நின்றேன். மற்ற இரண்டு முனைகளைப் பிடித்திருந்த பெண்மணி சொன்னாள். விரிப்பை உதறி, இழுத்து, மெத்தைக்கு அடியில் செருகி முடிப்பதற்குள் எவ்வளவு சொல்ல முடியுமோ அவ்வளவுதான் ஒரு நாளைக்கு. சில காலைகளில் சொல்லி முடித்தாள்.

நான் அங்கே போனது கதை தேடி அல்ல. முடியாமல் இழுத்துக்கொண்டிருந்த ஒரு நாவலை முடிக்கப் போனேன். "வீட்ல உக்காந்து கூரையைப் பார்க்கிறதை அங்க போய்ப் பாருங்க" என்று என் மனைவிதான் அனுப்பிவைத்தாள். ஏரிக்கரையில் ஓர் இயற்கை விடுதி. அறையில் தொலைபேசி கிடையாது, டி.வி. கிடையாது, அழைப்பு மணிகூடக் கிடையாது. கைபேசிக்கு சிக்னல் எட்டாது. குடிதண்ணீர் கண்ணாடிப் பாட்டிலில் வரும், சோப்பு காகிதத்தில் சுற்றி வரும். கதவுக்கு உள்பக்கம் ஓர் ஆணியில், உள்ளங்கை அகலத்துக்கு மரத்தில் செதுக்கிய இலை ஒன்று தொங்கும்.

இந்த இலையைப் பற்றி இப்போதே சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் பின்னால் ஒன்றும் புரியாது. காலையில் எழுந்ததும் அதை எடுத்துக் கதவின் வெளிக் கைப்பிடியில் மாட்டினால், இன்று என் அறையைச் சுத்தம் செய்ய வேண்டாம் என்று அர்த்தம். விரிப்பு மாற்ற வேண்டாம், துண்டு துவைக்க வேண்டாம். தண்ணீர் மிச்சம், சோப்பு மிச்சம், மின்சாரம் மிச்சம். அப்படி மாட்டிய விருந்தினருக்காக விடுதி அன்றைக்கே ஏரிக்கரையில் ஒரு மரக்கன்று நட்டு, அவர் பெயரெழுதிய சின்னப் பலகையைப் பக்கத்தில் குத்திவைக்கும். நல்ல ஏற்பாடுதான். நான் குறை சொல்லவில்லை.

நான் அந்த இலையை மாட்டவே இல்லை. அதற்குக் கொள்கை ஒன்றும் காரணமில்லை. முதல் நாள் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு மேசையில் வைத்தேன், அது என் காகிதக் குப்பைக்கு அடியில் போய்விட்டது. அதனால் தினமும் அவள் என் அறைக்கு வந்தாள். தனியாள் பெரிய விரிப்போடு மல்லுக்கட்டுவதைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார எனக்குக் கூச்சமாக இருந்தது. எழுந்து போய் மறுபக்கத்தைப் பிடித்தேன்.

2

தொடக்கம் மூன்று எழுதிப் பார்த்தேன். நீங்களும் பார்த்துவிடுங்கள்.

முதலாவது: 'ஏரியின் மேல் பனி விலகிக்கொண்டிருந்தது. நாணல்களுக்கு நடுவே ஒற்றைக் காலில் ஒரு நாரை, யாருக்காகவோ...'

[போதும். இது விடுதியின் விளம்பரத் தாளிலேயே இருக்கிறது. என்னைவிட நன்றாகவும் எழுதியிருக்கிறார்கள்.]

இரண்டாவது: 'சுற்றுச்சூழல் என்கிறோமே, அந்தச் சூழலுக்குள் யார் யாரெல்லாம் அடங்குவார்கள் என்று நாம் எப்போதாவது...'

[கட்டுரை. வாசகர் எழுந்து போய்விடுவார். எனக்கே பொறுக்கவில்லை, பாதியில் எழுந்து தேநீர் போடப் போய்விட்டேன்.]

மூன்றாவது ஒரு சமையலறையில், சாயங்காலம் தொடங்குகிறது. ஒரு புருஷனும் பெண்டாட்டியும் பேசிக்கொள்கிறார்கள். இதை வைத்துக்கொள்கிறேன்.

விடுதியில் அவளை எல்லோரும் மாடியக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். மேல்மாடி அறைகள் அவள் பொறுப்பு. புருஷன் அதே விடுதியில் தோட்டக்காரர். இலை மாட்டியவர்களுக்காகக் கன்று நடுவது அவர்தான். அவருக்கு மாதச் சம்பளம். அவளுக்கு அறைக் கூலி. சுத்தம் செய்த அறைக்கு உண்டு, செய்யாத அறைக்குக் கிடையாது.

அதனால் அவர் மண்வெட்டியைக் கழுவி வாசலில் சாய்க்கும் சத்தம் கேட்டதுமே அவள் அடுப்பைப் பார்த்தபடி கேட்பாள்.

"இன்னைக்கு எத்தனை நட்டீங்க?"

"கொஞ்சம்தான்."

"கொஞ்சம்னா?"

"உன் வயித்தெரிச்சலுக்கு அது போதும். சோத்தைப் போடு."

அவர் நகக்கண்ணில் எவ்வளவு மண் இருக்கிறது என்று பார்த்தே அவளுக்குத் தெரிந்துவிடும். அவர் நட்ட ஒவ்வொரு கன்றும் அவள் இழந்த ஓர் அறை. முதலில் இதைச் சொல்லிச் சொல்லி இரண்டு பேரும் சிரித்தார்கள். "என் சம்பாத்தியத்தை என் வீட்டுக்காரரே குழிதோண்டிப் புதைக்கிறார்" என்று அவள் துணி வெளுக்கும் கூடத்தில் சொல்ல, அங்கே இருந்தவர்களும் சிரித்தார்கள். பிறகு துணி வெளுக்கிறவர்களுக்கும் வேலை குறைந்தது. அந்த நகைச்சுவையை அப்புறம் யாரும் எடுக்கவில்லை.

* அடிக்குறிப்பாக வைத்துக்கொள்ளுங்கள்: கரையில் கன்று நட இடம் தீர்ந்து ரொம்ப நாளாயிற்று. பட்டுப்போன கன்றைப் பிடுங்கிவிட்டு அதே குழியில் புதியதை வைப்பார் தோட்டக்காரர். பிழைத்துக்கொண்ட கன்றாக இருந்தால் பலகையை மட்டும் மாற்றுவார். இது ஏமாற்று வேலை இல்லையா என்று அவரிடம் கேட்டேன். "பேரைத்தானே சார் மாத்துறேன். மரம் அது பாட்டுக்கு வளருது" என்றார்.

3

அடுத்து அவள் செய்த காரியத்தைச் சொல்ல வேண்டும்.

காலையில் தள்ளுவண்டியோடு மேலே வந்தால் தாழ்வாரம் நெடுக எல்லாக் கதவிலும் இலை தொங்குகிற நாட்கள் வர ஆரம்பித்தன. வந்தது வந்தோம் என்று தாழ்வாரத்தைப் பெருக்கிவிட்டு இறங்குவாள். தாழ்வாரத்துக்குக் கூலி இல்லை. அப்படி ஒரு நாள், படகுச் சவாரிக்குப் போயிருந்த இரண்டு அறைக்காரர்களின் இலையைக் கழற்றினாள். தன் சாவியால் கதவைத் திறந்து, இலையை உள்ளே அதன் ஆணியில் மாட்டிவிட்டு, வேலையைத் தொடங்கினாள். தன் வீட்டைக்கூட அப்படித் துடைத்ததில்லை என்று என்னிடம் சொன்னாள். குளியலறைக் குழாயில் முகம் தெரிந்ததாம்.

அந்தப் பளபளப்புதான் காட்டிக்கொடுத்தது. இயற்கைக்காகத் தான் எடுத்த முடிவை விடுதி மதிக்கவில்லை என்று ஒரு விருந்தினர் மேலாளரிடம் போய் நின்றார். மேலாளர் மேற்பார்வையாளரைப் பிடித்தார். மேற்பார்வையாளர் சின்னப் பெண், படித்து முடித்து நேராக இந்த வேலைக்கு வந்தவள். மாடியக்காவை மரியாதையாகத்தான் நடத்துவாள்.

"அக்கா, எனக்கு உங்க மேல கோபமில்ல. ஆனா இன்னொரு தடவை நடந்துச்சுன்னா என் கையில எதுவும் இல்ல."

"தட்டிக் கேட்டுட்டுச் செய்யலாமா மேடம்? வேணும்னா வேணும், வேணாம்னா வேணாம்."

"தட்டுறதே தொந்தரவுதான் அக்கா. அவங்க இவ்வளவு தூரம் வர்றதே அமைதிக்காக."

[இந்த இடத்தில் 'உள்ள யாருக்காவது உடம்பு முடியலைன்னா?' என்று மாடியக்கா கேட்டதாக எழுதிவிட்டு அடித்தேன். அவள் கேட்கவில்லை. யாருக்குமே அது தோன்றவில்லை. தோன்றியிருந்தால் இந்தக் கதை இருந்திருக்காது.]

மறுநாள் காலைக் கூட்டத்தில் எல்லா ஊழியரும் வட்டமாக நிற்க, அவள் மட்டும் ஓரடி முன்னால் வந்து வாய்விட்டுச் சொல்ல வேண்டியிருந்தது. இலை தொங்குகிற கதவைத் திறக்கமாட்டேன். தட்டமாட்டேன். முன்னால் நின்று குரல் கொடுக்கமாட்டேன். வட்டத்தின் அந்தப் பக்கம் தோட்டக்காரரும் நின்றார். அவர் தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். அன்றைக்கு அவமானத்தில் அழுதிருக்கலாம், வண்டியைத் தள்ள நேரமாகிவிட்டதால் அழவில்லை என்று அவள் சொன்னாள். அதைச் சொல்லும்போதும் விரிப்பின் சுருக்கத்தைக் கையால் நீவிக்கொண்டே இருந்தாள்.

4

கடைசி அறை சார் இனிமேல்தான் வருகிறார்.

வருஷா வருஷம் நீர்ப்பறவைகள் வந்து இறங்குகிற பருவத்தில் அவரும் தனியாக வந்து இறங்குவார். வயதானவர். கழுத்தில் தொலைநோக்கி, பையில் பிஸ்கட் பொட்டலம், காலில் சற்றுத் தடுமாற்றம். தாழ்வாரத்தின் கோடியில் இருக்கும் அறைதான் வேண்டும், ஜன்னலிலிருந்து நாணல் தெரியும். தவறாமல் இலை மாட்டுவார். படியில் மாடியக்காவைப் பார்த்தால் நின்று சிரிப்பார்.

"இன்னைக்கும் உங்களுக்கு லீவு குடுத்துட்டேன்ம்மா."

"சந்தோஷம் சார்."

அவளுக்கு ஓய்வு கொடுப்பதாக அவர் மனதார நம்பினார். அவரிடம் உண்மையைச் சொல்லியிருக்கலாமே என்று கேட்டேன். "நல்ல மனசோட செய்றவங்ககிட்ட எப்படிச் சொல்றது சார்? அப்புறம் அந்தச் சிரிப்பும் போயிடும்" என்றாள்.

முதல் நாள்: கதவில் இலை. வாசலில் அவருடைய நடைச் செருப்பு. புதிதாக ஒன்றுமில்லை.

இரண்டாம் நாள்: இலை. செருப்பு அதே இடத்தில். அவர் கரைக்குப் போகிற நேரம் தாண்டியிருந்தது. வண்டியைத் தள்ளிக்கொண்டு கதவைக் கடக்கும்போது உள்ளே கண்ணாடியில் எதையோ தட்டுகிற சத்தம் கேட்டது. மெதுவாக, விட்டு விட்டு. நின்றது. மறுபடியும் கேட்டது. தேநீர் கலக்குகிறார் என்று நினைத்துக்கொண்டு போய்விட்டாள்.

[சத்தத்தைப் பற்றிய வரிகளை எடுத்துவிட வேண்டும். ஏன் என்று பிறகு சொல்கிறேன். அதுவரை உங்கள் கண்ணில் பட்டதாகக் காட்டிக்கொள்ள வேண்டாம்.]

மூன்றாம் நாள்: இலை. செருப்பு. ஒரு செருப்பின் மேல் காற்றில் வந்த சருகு. அவள் கதவுக்கு முன்னால் நின்றாள். கூட்டத்தில் ஓரடி முன்னால் நின்று சொன்னதெல்லாம் ஞாபகம் வந்தது. கீழே போய் மேற்பார்வையாளரிடம் சொன்னாள்.

"மேடம், கடைசி அறை சாரைக் காணோம். செருப்பு அங்கேயே கிடக்குது."

"சாப்பிட வரலையா?"

"அவர் என்னைக்கு வந்தாரு? பிஸ்கட்டோட கரையில உக்காந்துடுவாரு."

"இலை தொங்குதா?"

"தொங்குது."

"தினமும் மாட்டியிருக்கார்ல? அப்போ நல்லாத்தானே இருக்கார். விடுங்கக்கா, தனியா இருக்கணும்னு நினைக்கிறார்போல."

கெட்டுப்போனது இந்த இடத்தில்தான். காலையில் தொங்குகிற இலை அன்று காலை மாட்டிய இலை என்பதுதான் விடுதியில் எல்லோருக்கும் பழக்கம். மேற்பார்வையாளர் அப்படித்தான் எண்ணினாள். தோட்டக்காரரும் அப்படித்தான் எண்ணினார். மூன்று நாளும் அந்தப் பெரியவர் பெயரில் மூன்று கன்று நட்டு மூன்று பலகை குத்தினார். ஒரே வரிசையில், ஒரே பெயர். உண்மையில் அந்த இலை ஒரே ஒரு தடவைதான் மாட்டப்பட்டது. அதற்குப் பிறகு அதைக் கழற்ற யாரும் எழுந்திருக்கவில்லை.

5

இந்தக் கட்டத்தில் எனக்கு ஒரு சபலம் வந்தது. பெரியவரைக் கொஞ்சம் கெட்டவராக ஆக்கிவிட்டால் என்ன?

'கடைசி அறைக்காரர் ஒரு சிடுமூஞ்சி. விரலைச் சொடுக்கித்தான் ஆட்களைக் கூப்பிடுவார். போன வருஷம் ஒரு துண்டு காணவில்லை என்று மாடியக்காவின் பையை...'

அப்படி எழுதினால் உங்களுக்கும் எனக்கும் வலி குறையும். ஒரு பக்கம் எழுதி, வீட்டுக்கு வந்ததும் மனைவியிடம் காட்டினேன். அவள் மருத்துவமனையில் செவிலியர். என் கைப்பிரதியை முதலில் படிப்பவளும் அவள்தான், பாதியில் தூங்கிவிடுபவளும் அவள்தான். இதை மட்டும் தூங்காமல் படித்தாள்.

"எதுக்கு இந்த மனுஷனைத் திட்டுறீங்க? உங்களுக்கு என்ன பண்ணாரு?"

"அவர் நல்லவரா இருந்தா கதை தாங்காதுன்னு பார்க்கிறேன்."

"தாங்கலைன்னா விடுங்க. செத்தவர் மேல பழி போட்டு ஒரு கதை எழுதணுமா?"

அந்தப் பக்கத்தைக் கிழித்தேன். அவர் நல்லவர். அந்த விடுதியில் அவள் ஓய்வெடுக்க வேண்டும் என்று நினைத்த ஒரே மனிதர் அவர். அப்படியே இருக்கட்டும்.

பிறகு, எதற்கோ கேட்கிறவன்போல இன்னொன்றும் கேட்டேன். வழுக்கி விழுந்து எழ முடியாமல் கிடக்கிற வயதானவர் எவ்வளவு நேரம் உயிரோடு இருப்பார்?

"அடிபட்ட இடத்தைப் பொறுத்தது. தலையில பட்டா உடனே முடிஞ்சிடும். இடுப்பெலும்புன்னா..." என்று நிறுத்தி என்னைப் பார்த்தாள். "ஒரு நாள், ரெண்டு நாள்கூடக் கிடப்பாங்க. நினைவோட கிடப்பாங்க. நான் பார்த்திருக்கேன். அந்தம்மாகிட்ட மட்டும் இதைச் சொல்லித் தொலைச்சிடாதீங்க."

6

நான்காம் நாள் அவர் கிளம்ப வேண்டிய நாள். அவரை அழைத்துப்போக மகள் காரில் வந்தாள். அப்போதுதான் இலையைக் கழற்ற உத்தரவு வந்தது. மேற்பார்வையாளர் கழற்றி, எங்கே வைப்பதென்று தெரியாமல் மாடியக்காவின் கையில் கொடுத்தாள். பிறகு தானே சாவியைத் திருப்பினாள்.

திறந்ததும் தெரிந்ததை நான் விவரிக்கப்போவதில்லை. கட்டிலுக்கும் குளியலறைக்கும் நடுவில் கிடந்தார். அவ்வளவு போதும்.

[இதற்குப் பிறகு பதினைந்து வரிகள் எழுதி அடித்துவிட்டேன். நன்றாக எழுத வந்தது. அதுதான் பிடிக்கவில்லை.]

மருத்துவர் வந்தார், பார்த்தார், போனார். வழுக்கி விழுந்திருக்கிறார் என்றார், மற்றதை அவர் உறுதியாகச் சொல்லவில்லை. மேலாளர் உறுதியாகச் சொன்னார். "முதல் நாளே போயிருக்கணும்மா. வலியே தெரிஞ்சிருக்காது." மகள் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். வலி தெரிந்திருக்காது, வலி தெரிந்திருக்காது என்று வந்தவர் போனவரிடமெல்லாம் அவளே சொன்னாள். பிறகு காற்றுக்காகக் கரைப்பக்கம் நடந்து போனவள், அப்பா பெயரில் மூன்று பலகைகளைப் பார்த்துவிட்டு அங்கேயே உட்கார்ந்து அழுதாள். கடைசி மூன்று நாளும் அப்பா இலை மாட்டியிருக்கிறார் என்று அழுதாள்.

முதல் நாளே போனவர் அடுத்த நாள் எப்படி மாட்டினார் என்று மகள் கேட்கவில்லை. துக்கத்தில் இருக்கிறவர்களுக்கு அந்தக் கணக்கெல்லாம் ஓடாது. பக்கத்தில் பூவாளியோடு நின்ற தோட்டக்காரருக்கு ஓடியது.

மேலே அறையைச் சுத்தம் செய்யச் சொல்லி மாடியக்காவை அனுப்பினார்கள். தனியாகத்தான் போனாள். கட்டிலின் காலடியில், அவர் கை எட்டிய இடத்தில், தண்ணீர் பாட்டில் உடைந்து கிடந்தது. பக்கத்தில் ஒரு தேக்கரண்டி. தேநீர்க் கோப்பைகள் இரண்டும் மேசையில், மேல் மூடிய காகிதம்கூடப் பிரிக்காமல் இருந்தன. அவள் கோப்பைகளைப் பார்த்தாள். கரண்டியைப் பார்த்தாள். பிறகு கண்ணாடித் துண்டுகளைக் கையாலேயே பொறுக்கிக் குப்பையில் போட்டாள். கரண்டியைக் கழுவித் துடைத்து அதன் இடத்தில் வைத்தாள். அன்று அவள் சுத்தம் செய்த அறை அது ஒன்றுதான்.

சாயங்காலம் வாசலில் மண்வெட்டியின் சத்தம் கேட்டபோது பழக்கத்தில் வாயிலிருந்து வந்துவிட்டது.

"இன்னைக்கு எத்தனை நட்டீங்க?"

"நடல" என்றார். கையைக் கழுவிக்கொண்டே இருந்தார். "ரெண்டைப் பிடுங்கிட்டேன். அந்தம்மா கார்ல ஏறிப் போனப்புறம்."

அவள் அடுப்பை அணைத்தாள்.

"சார் பேர்ல ஒண்ணு இருக்கு, அது போதும். முதல் நாளே போயிட்டாருன்னு சொல்றாங்க. நீ ஒண்ணும் மனசைப் போட்டு உழப்பிக்காத."

அவர் தன்னால் முடிந்ததைச் செய்திருந்தார். அந்தச் சத்தத்தைப் பற்றி அவளால் அதற்குப் பிறகு அவரிடம் எப்படிச் சொல்ல முடியும்? அவரிடம் சொல்லவில்லை. யாரிடமும் சொல்லவில்லை. அடுத்த பருவத்தில் இலை மாட்டாத ஒரு சோம்பேறி எழுத்தாளன் வந்து விரிப்பின் மறுபக்கத்தைப் பிடித்தபோது சொன்னாள்.

7

முடிவுகள். எழுதிப் பார்த்தவை:

(அ) இரண்டாம் நாள் சத்தம் கேட்டதும் அவள் வண்டியை விட்டுவிட்டுக் கதவைத் தட்டுகிறாள். பதில் இல்லை. திறக்கிறாள். பெரியவர் உயிரோடு இருக்கிறார். அவள் வேலை போகிறது, அவர் பிழைக்கிறார். பல மாதம் கழித்துக் கைத்தடியோடு அவள் வீட்டு வாசலில் வந்து நிற்கிறார்.

எழுதும்போது எனக்கே கண் கலங்கியது. ஊருக்குக் கிளம்புகிற நாள் காலை, விரிப்பின் இந்தப் பக்கத்திலிருந்து அவளுக்குச் சொல்லிக் காட்டினேன். அவள் இழுத்துக்கொண்டிருந்த கை நின்றுவிட்டது.

"அப்படி எழுதாதீங்க சார்."

"ஏன்? கதையிலாவது அவர் பிழைக்கட்டுமே."

"கதையில நான் தட்டி அவர் பிழைச்சா, நிஜத்துல நான் தட்டாததாலதான் செத்தாருன்னு ஆகாதா?"

இத்தனை வருஷம் எழுதுகிறேன், நல்ல முடிவு ஓர் ஆளை இப்படிக் குத்தும் என்று எனக்குத் தெரியாது.

(ஆ) விடுதி மனம் திருந்துகிறது. இலைத் திட்டத்தைக் கைவிடுகிறது.

கைவிடவில்லை. ஒவ்வொரு நாளும் சாயங்காலம் இலையை வரவேற்பறையில் திருப்பிக் கொடுத்து மறுநாள் காலை வாங்கிக்கொள்ள வேண்டும் என்று மட்டும் மாற்றினார்கள். நல்ல மாற்றம்தான். மேற்பார்வையாளர் சின்னப் பெண் வேலையை விட்டுப் போய்விட்டாள். மாடியக்கா போகவில்லை. போனால் சோற்றுக்கு என்ன செய்வது?

(இ) அவர் முதல் நாளே போய்விட்டார். விழுந்தார், தலையில் பட்டது, முடிந்தது. இரண்டாம் நாள் அந்த அறை மௌனமாக இருந்தது. மூன்றாம் நாளும் மௌனமாக இருந்தது. அவள் தட்டியிருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது.

அவள் கேட்டது இதைத்தான்.

"முதல் நாளே போயிட்டாருன்னு எழுதிடுங்க சார். எழுத்துல வந்துட்டா அதுக்கு ஒரு இது இருக்கும்ல. நானும் அப்படியே நினைச்சுக்குவேன்."

"அந்தச் சத்தம்?"

அவள் மூலையைச் செருகினாள். நிமிர்ந்து, மறுபக்கத்து மூலையையும் என் கையிலிருந்து வாங்கிச் செருகினாள்.

"அது வேற ஏதாவது ஜன்னல் கொக்கியா இருக்கும்" என்றாள். "எழுதிடுவீங்கள்ல?"

எழுதுகிறேன் என்றேன்.

"எனக்குப் படிக்கத் தெரியும், கதை படிக்கத்தான் பொறுமை இல்ல. அச்சுல வந்தா இங்க தங்க வர்றவங்க யாராவது படிச்சிருப்பாங்க. அவங்ககிட்ட கேட்டுக்கிறேன்."

8

வீட்டுக்கு வந்து உட்கார்ந்தேன். நான்காம் பகுதியை எடுத்தேன். சத்தம் வருகிற வரிகளை அடித்தேன். கண்ணாடி இல்லை, தட்டல் இல்லை. ஆறாம் பகுதியிலிருந்து பாட்டிலையும் கரண்டியையும் அடித்தேன். கோப்பைகளின் மேல் காகிதத்தைப் பிரித்துவைத்தேன். கதை வழவழவென்று ஆகிவிட்டது. எங்கும் உறுத்தவில்லை.

அன்று முழுக்க எனக்கு ஒன்றும் ஓடவில்லை. அந்தச் சத்தத்தை எடுத்துவிட்டால் அந்த மனிதர் யாருக்கும் கேட்காமல் தட்டிக்கொண்டு கிடந்தவர் ஆகிறார். தரையில் கிடந்து, கை எட்டிய ஒன்றை எடுத்து, எட்டிய இன்னொன்றில் தட்டி, வெளியே தள்ளுவண்டியின் சக்கரச் சத்தம் கேட்கிற நேரம் பார்த்துத் தட்டி... அது ஒரு ஜீவனின் காதிலாவது விழுந்தது. அதையும் நான் பிடுங்கிவிடுவதா? வைத்தால், அவள் கேட்டும் போனவள் ஆகிறாள். அவளை அப்படி நிறுத்த எனக்கு மனசு வரவில்லை. அவளை ஓரடி முன்னால் நிறுத்தி உறுதிமொழி சொல்லவைத்தவர்கள் யாரும் இந்தக் கதையில் எங்கும் அப்படி நிற்கவில்லை.

மனைவியிடம் கேட்டேன். அவள் இரண்டு பிரதிகளையும் படித்தாள்.

"ரெண்டுமே நல்லாயில்ல" என்றாள்.

அடித்ததை மறுபடி எழுதினேன். எழுதியதை மறுபடி அடித்தேன். அச்சுக்கு எது போயிற்று என்று எனக்கே இப்போது நிச்சயமில்லை. உங்கள் கையில் இருக்கும் பிரதியில் அந்த வரிகள் இருக்கின்றனவா என்று நான் கேட்கப்போவதில்லை. கேட்கப்போவது நான் அல்ல.

நீங்கள் என்றைக்காவது ஓர் ஏரிக்கரையில், மணி இல்லாத ஓர் அறையில் போய்த் தங்குவீர்கள். மறதியிலோ சோம்பலிலோ இலையை மாட்டாமல் விடுவீர்கள். காலையில் கதவு தட்டப்படும். தள்ளுவண்டியோடு ஒரு பெண்மணி உள்ளே வருவாள். பழைய விரிப்பை உருவிப் போட்டுப் புதியதை விரிப்பாள். நீங்கள் எழுந்து மறுபக்கத்தைப் பிடிப்பீர்கள், பிடிக்காமல் இருக்க முடியாது. உங்கள் மேசையில் கிடக்கிற புத்தகத்தைப் பார்ப்பாள். கதையெல்லாம் படிப்பீங்களா என்று கேட்பாள். இப்படி ஒரு கதை, ஒரு இலை, ஒரு கடைசி அறை, படிச்சிருக்கீங்களா என்று கேட்பாள். படித்திருக்கிறேன் என்பீர்கள்.

"அதுல அவர் எப்போ போனாருன்னு வருது? உள்ள ஏதாவது சத்தம் கேட்டுச்சுன்னு எழுதியிருக்காங்களா?"

விரிப்பின் இரண்டு முனைகள் அவள் கையில் இருக்கின்றன. மற்ற இரண்டும் உங்கள் கையில். அவள் இன்னும் இழுக்கவில்லை, நீங்கள் சொல்வதற்காகக் காத்திருக்கிறாள்.